ஓ2, ஓ3, எல்டிஓ: எதைச் சேர்ப்பது, எதை எடுப்பது?

கேள்வி சுருக்கமாக இதுதான். சி++ இல் எழுதிய ஒரு கணக்கீட்டு புரோகிராம், எண்பது சொச்சம் சோர்ஸ் ஃபைல்கள். பாதி ஃபைல்கள் ஸ்டாட்டிக் லைப்ரரியாகக் கட்டப்படுகின்றன. ஜிசிசி கம்பைலரில் வேகத்துக்கான ஃபிளாக்குகளான ஓ3 (-O3), மார்ச்=நேட்டிவ், ஃபாஸ்ட்-மேத் மூன்றும் ஏற்கெனவே போட்டாயிற்று. அதற்கு மேல் எல்டிஓவையும் (LTO, எல்லா ஃபைல்களையும் லிங்க் நேரத்தில் ஒன்றாகப் பார்த்து மேம்படுத்துவது) சேர்த்ததும் லிங்க் ஆக ரொம்ப நேரம் பிடிக்கிறது, வேகம் பெரிதாகக் கூடவில்லை, அதுவரை தேறிக்கொண்டிருந்த ஒரு டெஸ்ட் வேறு விழுகிறது. இது கம்பைலரின் பிழையா, எல்டிஓவைத் தூக்கிவிடலாமா?

என் பதில் நேர் எதிர்: எல்டிஓவை வைத்துக்கொள்ளுங்கள், மற்ற மூன்றையும் முதலில் எடுங்கள். டெஸ்ட் விழுந்தது கம்பைலர் பிழையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஏன் என்பதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

எதுவும் சொல்லாவிட்டால் கம்பைலர் ஓ0வில், அதாவது மேம்படுத்தலே இல்லாத நிலையில், ஓடும். ஒவ்வொரு வேரியபிளும் ஸ்டாக்கில் இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் மெமரியிலிருந்து எடுத்து, கணக்கிட்டு, திரும்ப மெமரியில் வைக்கும். டீபகருக்கு வசதி, வேகத்துக்குக் கேடு. ஓ1 இதில் மலிவான வேலைகளைச் செய்யும். ஓ2தான் நடைமுறையில் எல்லோரும் நிற்கும் இடம். லினக்ஸ் கெர்னல் வழக்கமாக ஓ2வில்தான் கட்டப்படுகிறது, பெரும்பாலான லினக்ஸ் விநியோகங்களின் பேக்கேஜ்களும் அப்படித்தான். அளவைக் குறைக்க ஓஎஸ், இன்னும் குறைக்க ஓஇசட். டீபக் செய்துகொண்டே ஓரளவு வேகமும் வேண்டுமென்றால் ஓஜி. இவற்றை உங்கள் கேள்விக்கு மறந்துவிடலாம்.

ஓ3 என்றால் ஓ2வை விட ஒரு படி வேகம் என்று பலரும் நினைக்கிறார்கள். எண் பெரிதாக இருப்பதால் வரும் மயக்கம் அது. ஓ3 செய்வது என்னவென்றால், இன்னும் தாராளமாக இன்லைன் செய்யும் (ஃபங்ஷனின் உடலைக் கூப்பிடும் இடத்திலேயே பதிக்கும்), ஒரே ஃபங்ஷனை வெவ்வேறு ஆர்க்யுமென்ட்டுகளுக்காகப் பிரதி எடுக்கும், லூப்புக்குள் இருக்கும் நிபந்தனையை வெளியே இழுத்து லூப்பையே இரண்டாக்கும், வெக்டராக்கத்தை (ஒரே இன்ஸ்ட்ரக்ஷனில் பல எண்களைக் கணக்கிடுவதை) துணிச்சலாகச் செய்யும். இவை எல்லாமே கோடைப் பெரிதாக்கும். ஓர் எக்ஸ்86 கோரின் இன்ஸ்ட்ரக்ஷன் கேஷ் (கோடை வைத்துக்கொள்ளும் அதிவேகச் சிறு மெமரி) பெரும்பாலும் 32 கிலோபைட்தான். பெரிதான கோட் அதில் அடங்காமல் போனால், ஒரு லூப்பில் கிடைத்த லாபம் இன்னொரு பக்கம் போய்விடும். ஒரு காலத்தில் ஓ3க்கு இருந்த பெரிய கவர்ச்சி வெக்டராக்கம். எல்எல்விஎம்மின் கம்பைலரான கிளாங் அதை ஓ2விலேயே செய்துவருகிறது. ஜிசிசியும் 2022இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து ஓ2வில் செய்கிறது, ஆனால் செலவே இல்லாத இடங்களில் மட்டும், மிகவும் கஞ்சத்தனமாக. எனவே எண்கள் நிறைந்த லூப்புகளுக்கு ஓ3 இன்னும் உதவும்; மீதிக்கு ஓ2 போதும். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தைச் சேர்ந்த சார்லி கர்ட்சிங்கரும் எமரி பெர்கரும் 2013இல் ஸ்டெபிலைசர் என்ற கருவியை வைத்து, மெமரியில் கோடும் டேட்டாவும் அமரும் இடங்களை மாற்றி மாற்றி அளந்து பார்த்தார்கள். எல்எல்விஎம்மில் ஓ2விலிருந்து ஓ3க்குப் போவதால் வரும் மாற்றத்தைத் தற்செயல் இரைச்சலிலிருந்து பிரித்தறிய முடியவில்லை என்பதுதான் அவர்கள் கண்டது. அது அன்றைய எல்எல்விஎம், ஆனாலும் ஓ3 என்றால் கண்ணை மூடிக்கொண்டு லாபம் என்று நம்புவதற்கு முன் நினைத்துப் பார்க்க வேண்டிய முடிவு.

சூடான லூப்புகள், அதாவது ஓடும் நேரத்தில் பெரும்பங்கைத் தின்பவை, இரண்டு மூன்று ஃபைல்களில்தான் இருக்கும். அந்த ஃபைல்களுக்கு மட்டும் ஓ3, மீதிக்கு ஓ2 என்று வைப்பதில் தப்பே இல்லை.

அடுத்தது ஃபாஸ்ட்-மேத். பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. கணக்கின் விதிகளை மாற்றிக்கொள்ளக் கம்பைலருக்கு எழுதிக் கொடுக்கும் அனுமதி அது. 'எண் அல்ல' (NaN) என்ற மதிப்பு வரவே வராது, முடிவிலி வரவே வராது என்று நீங்கள் வாக்குக் கொடுக்கிறீர்கள். விளைவாக, 'இது எண் அல்லாததா?' என்று சோதிக்கும் உங்கள் வரியையே கம்பைலர் 'இல்லை' என்று முடிவுகட்டி அழித்துவிடலாம். கூட்டல்களின் வரிசையை மாற்றவும் அனுமதி உண்டு. அப்படியானால் கஹான் முறையில் பிழையைத் திருத்திக்கொண்டே கூட்டும் கோடில், அந்தத் திருத்தம் எப்போதும் பூஜ்யம்தானே என்று இயற்கணிதப்படி சுருக்கித் தூக்கிவிடும். போதாததற்கு, ஜிசிசியின் 13ஆம் பதிப்புக்கு முன்பு, ஃபாஸ்ட்-மேத்துடன் லிங்க் செய்த ஒரு ஷேர்டு லைப்ரரியை யார் ஏற்றினாலும், மிகச் சிறிய எண்களைப் பூஜ்யமாக்கும்படி பிராசஸரின் அமைப்பே மாறிவிடும். லைப்ரரியைப் பயன்படுத்துபவருக்கு இது தெரியவே தெரியாது. ஓஃபாஸ்ட் என்பது ஓ3யுடன் இதைச் சேர்த்துக் கட்டிய பொட்டலம். கிளாங் 19இல் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே அறிவித்துவிட்டார்கள்.

உண்மையில் ஃபாஸ்ட்-மேத்தில் உங்களுக்குத் தேவைப்படுவது ஒரு சிறு பகுதிதான். நோ-மேத்-எர்ர்நோ என்ற ஃபிளாக் மட்டும் போட்டால், வர்க்கமூலம் எடுப்பது லைப்ரரிப் பக்கம் போகாமல் ஒரே இன்ஸ்ட்ரக்ஷனாகிவிடும், விடை மாறாது. ஒரு கூட்டல் லூப்பில் வரிசை மாறினால் பரவாயில்லை என்றால், அந்த லூப்பின் தலையில் மட்டும் ஓப்பன்எம்பியின் சிம்ட் ரிடக்ஷன் பிராக்மாவைப் போடுங்கள். மொத்த புரோகிராமையும் அடகு வைக்கத் தேவையில்லை.

மார்ச்=நேட்டிவ், கட்டும் இயந்திரத்தில் இருக்கும் எல்லா இன்ஸ்ட்ரக்ஷன்களையும் பயன்படுத்தச் சொல்கிறது. அதே இயந்திரத்தில் மட்டும் ஓட்டுவதானால் சரி. பழைய இயந்திரம் ஒன்றுக்கு அந்த பைனரியைக் கொண்டுபோனால் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று செத்து விழும். பலருக்கும் கொடுக்கும் பைனரி என்றால் எக்ஸ்86-64-வி3 போன்ற நிலைகளைப் பயன்படுத்துங்கள். 2020இல் வரையறுத்த இந்த நிலைகளில் வி3 என்பது ஏவிஎக்ஸ்2, எஃப்எம்ஏ எல்லாம் உள்ள, ஏறத்தாழ 2013இன் ஹாஸ்வெல் தலைமுறைக்கு நிகரான ஒன்று.

இந்த எஃப்எம்ஏவில்தான் உங்கள் டெஸ்ட் விழுந்த கதை இருக்கிறது என்று சந்தேகிக்கிறேன். பெருக்கலையும் கூட்டலையும் ஒரே இன்ஸ்ட்ரக்ஷனில் செய்து, கடைசியில் ஒரே ஒரு முறை மட்டும் முழுமையாக்கும் (ரவுண்ட் செய்யும்) வசதி அது. 0.1ஐ 10ஆல் பெருக்கி 1ஐக் கழியுங்கள். டபுளில் தனித்தனியாகச் செய்தால், பெருக்கிய விடை முழுமையாகி 1 ஆகும். கழித்தால் சுத்தமாக 0. எஃப்எம்ஏவில் செய்தால் இடையில் முழுமையாக்கல் கிடையாது, 0.1இன் உள்ளே ஒளிந்திருக்கும் சிறு மிச்சம் வெளியே வந்து, விடை சுமார் 0.0000000000000000555 ஆகும். உண்மையில் இரண்டாவதுதான் அதிகத் துல்லியம், ஆனால் 'பூஜ்யமா?' என்று கேட்கும் டெஸ்ட்டுக்கு அது தோல்வி.

ஜிசிசி வழக்கமான முறையில், ஃபாஸ்ட்-மேத் இல்லாமலே, இப்படி இணைத்துக்கொள்ளும். அப்படியென்றால் எல்டிஓ போடும் வரை டெஸ்ட் ஏன் தேறியது? பெருக்கல் ஒரு ஃபைலில் உள்ள சின்ன ஃபங்ஷனிலும், கழித்தல் அதைக் கூப்பிடும் இன்னொரு ஃபைலிலும் இருந்தால், ஒன்றை ஒன்று கம்பைலர் பார்க்கவே முடியாது. பெருக்கல் முழுமையாகித்தான் திரும்பி வரும். எல்டிஓ அந்தச் சின்ன ஃபங்ஷனை இன்லைன் செய்ததும் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிடுகின்றன, இணைந்துவிடுகின்றன. இந்த இணைப்பைத் தடுக்கும் எஃப்பி-கான்ட்ராக்ட்=ஆஃப் ஃபிளாக்கைப் போட்டு ஒரு முறை கட்டிப் பாருங்கள். டெஸ்ட் தேறிவிட்டால் காரணம் இதுதான். திருத்த வேண்டியது டெஸ்ட்டின் சமன்பாட்டுச் சோதனையை.

இப்போது எல்டிஓவுக்கே வருவோம். சாதாரணமாக ஒவ்வொரு சோர்ஸ் ஃபைலும் தனியாகக் கம்பைல் ஆகிறது. இன்னொரு ஃபைலில் உள்ள ஃபங்ஷனைக் கூப்பிடும் இடம் கம்பைலருக்கு ஒரு சுவர். சுவருக்கு அப்பால் என்ன நடக்கும் என்று தெரியாததால் அது மோசமானதையே எதிர்பார்க்கிறது: குளோபல்கள் எல்லாம் மாறியிருக்கலாம், பாயின்டர் வெளியே போன மெமரி மாறியிருக்கலாம் என்று எல்லாவற்றையும் திரும்பப் படிக்கிறது. எல்டிஓவில் ஆப்ஜெக்ட் ஃபைலுக்குள் இயந்திரக் கோடுக்குப் பதிலாகக் கம்பைலரின் இடைநிலை வடிவம் போகிறது. ஜிசிசியில் அது ஜிம்பிள், கிளாங்கில் எல்எல்விஎம் பிட்கோட். லிங்க் நேரத்தில் லிங்கர் அத்தனையையும் ஒரு பிளகின் வழியாகத் திரும்பக் கம்பைலரிடம் கொடுக்கிறது. கூடவே முக்கியமான தகவல் ஒன்றும் போகிறது: எந்தெந்தப் பெயர்களை வெளியிலிருந்து யாரும் தொடப்போவதில்லை என்பது. அவற்றையெல்லாம் கம்பைலர் ஸ்டாட்டிக் போலக் கையாளலாம். தேவையில்லாவிட்டால் தூக்கியே எறியலாம்.

அதனால்தான் எல்டிஓ எக்ஸிக்யூட்டபிளுக்குத் தரும் லாபத்தை ஷேர்டு லைப்ரரிக்கு அவ்வளவாகத் தருவதில்லை. ஷேர்டு லைப்ரரியில் எல்லாப் பெயர்களும் வெளியே தெரிகின்றன. எவற்றையும் வேறொருவர் மேலெழுதலாம் என்று ஜிசிசி எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. விசிபிலிட்டி=ஹிடன், நோ-செமான்டிக்-இன்டர்பொசிஷன் இரண்டும் அந்தக் கட்டை அவிழ்ப்பவை. பைத்தான் 3.10இல் இந்த இரண்டாவது ஃபிளாக்கைச் சேர்த்தபோது, ஜிசிசியில் ஷேர்டு லைப்ரரியாகக் கட்டிய இன்டர்பிரிட்டர் 30 சதவீதம் வரை வேகமானது. எல்டிஓ என்ற பெயரே இல்லாமல் வந்த வேகம் அது.

எல்டிஓவால் பொதுவாக எவ்வளவு கிடைக்கும்? பெரும்பாலும் ஒற்றை இலக்கச் சதவீதம். எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் லைப்ரரி தன் நூற்றுக்கும் மேற்பட்ட ஃபைல்களை ஒரே பெரிய சி ஃபைலாக்கித் தருகிறது. அப்படிக் கம்பைல் செய்தால் 5 முதல் 10 சதவீதம் வேகம் கூடுவதாக அவர்களே சொல்கிறார்கள். சுவரை இடிப்பதன் லாபம் என்ன என்பதற்கு அது நல்ல அளவுகோல். சூடான லூப்பிலிருந்து வேறு ஃபைலின் குட்டி ஃபங்ஷன்களைக் கூப்பிடும் கோடில் அதற்கு மேலும் கிடைக்கும். எல்லாமே ஹெடரில் டெம்ப்ளேட்டாக இருந்தால் ஒன்றும் கிடைக்காது. கம்பைலர் ஏற்கெனவே பார்த்துவிட்டது. வேகம் கூடாவிட்டாலும் பைனரி சிறுக்கும், அது பல நேரம் நிச்சயம்.

உங்களுக்கு வேகம் கூடாததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். அந்த ஸ்டாட்டிக் லைப்ரரி. அதை எந்த ஏஆர் (ஆப்ஜெக்ட் ஃபைல்களை லைப்ரரியாகக் கட்டும் கருவி) கட்டுகிறது? இடைநிலை வடிவத்தைப் புரிந்துகொள்ளாத சாதாரண ஏஆர் கட்டினால், பெயர்ப் பட்டியல் காலியாகி, 'பிளகின் தேவை' என்று புலம்பும், அல்லது ஃபங்ஷன்களையே காணோம் என்று லிங்கர் நிற்கும். ஜிசிசி-ஏஆர், ஜிசிசி-ரான்லிப், ஜிசிசி-என்எம் என்று தனியாக உண்டு, அவற்றைப் பயன்படுத்துங்கள். கிளாங்கில் எல்எல்விஎம்-ஏஆர். இதைவிடக் கள்ளத்தனமானது ஃபேட் ஆப்ஜெக்ட்: இடைநிலை வடிவம், இயந்திரக் கோடு இரண்டும் உள்ளே இருக்கும். பிளகின் வேலை செய்யாவிட்டால் லிங்கர் சத்தமில்லாமல் இயந்திரக் கோடை எடுத்துக்கொள்ளும். எல்லாம் சரியாகக் கட்டப்படும், எல்டிஓ மட்டும் நடந்திருக்காது. வேறு ஃபைலில் உள்ள ஒரு குட்டி ஃபங்ஷனைத் தேர்ந்தெடுத்து, கடைசி பைனரியை டிஸ்அசெம்பிள் செய்து, அதைக் கூப்பிடும் இன்ஸ்ட்ரக்ஷன் (call) இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும்.

லிங்க் நேரம் கூடியதற்கு, ஃபிளாக்கை வெறுமனே போட்டதுதான் காரணமாக இருக்கும். ஜிசிசியின் எல்டிஓ முதலில் மொத்த புரோகிராமையும் ஒரே த்ரெடில் அலசி, பிறகு துண்டுகளாகப் பிரித்துக் கோட் உருவாக்குகிறது. அந்த இரண்டாம் பாதியை எல்லாக் கோர்களிலும் ஓட்ட எல்டிஓ=ஆட்டோ என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒவ்வொன்றாகச் செய்யும். புதிய பதிப்புகள் 'சீரியலாக ஓடுகிறேன்' என்று எச்சரிக்கவும் செய்கின்றன, படித்துப் பாருங்கள். கிளாங் பக்கம் 2016இல் வந்த தின்எல்டிஓ வேறு வழி: ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு சுருக்கம் வைத்துக்கொண்டு, தேவையான ஃபங்ஷன்களை மட்டும் ஃபைலுக்கு ஃபைல் இறக்குமதி செய்கிறது. இணையாக ஓடும், கேஷும் உண்டு, முழு எல்டிஓவின் லாபத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடும். பெரிய புரோகிராமென்றால் நான் தின்எல்டிஓவைத்தான் எடுப்பேன். ரஸ்ட்டிலும் இதே தின், ஃபேட் இரண்டும் உண்டு. மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் ஜிஎல், எல்டிசிஜி என்று இரண்டு ஃபிளாக்குகள் சேர்ந்து இதைச் செய்கின்றன.

இரண்டு சின்ன விஷயம். கம்பைல் செய்யும்போது கொடுத்த ஓ2, மார்ச் எல்லாவற்றையும் லிங்க் செய்யும்போதும் கொடுங்கள். அப்புறம், எல்டிஓ ஆப்ஜெக்ட்டுகளைப் பிறருக்கு அனுப்பாதீர்கள். ஜிசிசியின் பதிப்பு மாறினால் இடைநிலை வடிவம் ஒத்துப்போகாது.

டெஸ்ட் விழுந்தது எஃப்எம்ஏவால் இல்லையென்றால், சுவர் மறைத்து வைத்திருந்த பிழை ஒன்று வெளியே வந்திருக்கிறது என்று அர்த்தம். இதற்கு நான் சொல்லும் உதாரணம் இது. ஒரு சாதாரண இன்ட் வேரியபிள். வேறொரு த்ரெடோ இன்டரப்ட் ஹேண்ட்லரோ அதை 1 ஆக்கும். மெயின் லூப் அது 1 ஆகும்வரை காத்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் 'பொறு' என்று ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது. அந்த ஃபங்ஷன் வேறு ஃபைலில் இருக்கிறது. எல்டிஓ இல்லாதபோது, 'பொறு' உள்ளே என்ன செய்ததோ என்று கம்பைலர் ஒவ்வொரு சுற்றிலும் வேரியபிளை மெமரியிலிருந்து மறுபடி படிக்கும். வருடக்கணக்கில் ஓடும். எல்டிஓ வந்ததும் 'பொறு' வெறுமனே எண்ணிக்கொண்டிருக்கும் ஃபங்ஷன், வேரியபிளைத் தொடுவதேயில்லை என்பது தெரிந்துவிடுகிறது. எதற்கு மறுபடி படிப்பானேன்? ஒரே முறை படித்து ரெஜிஸ்டரில் வைத்துக்கொள்கிறது. லூப் முடிவதே இல்லை. குற்றம் எல்டிஓவுடையது அல்ல. த்ரெட் என்றால் அந்த வேரியபிள் ஆரம்பத்திலிருந்தே அட்டாமிக்காக இருந்திருக்க வேண்டும், இன்டரப்ட் என்றால் குறைந்தபட்சம் வோலட்டைலாக.

பாஸ்வேர்டு இருந்த மெமரியை அழிக்கும் கோடும் இப்படித்தான். மெம்செட் போட்டுவிட்டு உடனே அந்த மெமரியை விடுவித்தால், யாரும் படிக்காத எழுத்து என்று கம்பைலர் அழித்தலையே நீக்கிவிடும். அதைத் தடுக்க அழிக்கும் ஃபங்ஷனை வேறு ஃபைலில் வைப்பது பழைய தந்திரம். எல்டிஓவில் அது செல்லாது. எக்ஸ்ப்ளிசிட்_பிஜீரோ போல அதற்கென்றே உள்ள ஃபங்ஷனைத்தான் பயன்படுத்த வேண்டும். இன்னொன்று, ஒரே பெயரில் இரண்டு ஃபைல்களில் வெவ்வேறு ஸ்ட்ரக்ட் இருப்பது. சி++ விதிப்படி அது தவறு, ஆனால் தனித்தனியாகக் கம்பைல் செய்யும்போது யாரும் கண்டுகொள்வதில்லை. எல்டிஓவில் ஜிசிசிக்கு இரண்டும் ஒருசேரத் தெரிவதால் ஓடிஆர் (ஒரு பெயருக்கு ஒரே வரையறை என்ற விதி) என்று எச்சரிக்கை வரும். அந்த எச்சரிக்கைகளுக்காகவே மாதம் ஒரு முறையாவது எல்டிஓ போட்டுக் கட்டலாம் என்பேன்.

பிழையைத் தேட: முதலில் எல்டிஓ இல்லாமல் ஓ1இல் ஓடும்போதே பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிட்டைசரும் யூபி சானிட்டைசரும் போட்டு டெஸ்ட்டை ஓட்டுங்கள், த்ரெட்கள் இருந்தால் த்ரெட் சானிட்டைசரைத் தனியாக. அதில் சிக்காவிட்டால், பாதி ஃபைல்களுக்கு நோ-எல்டிஓ போட்டுக் கட்டிப் பாருங்கள். டெஸ்ட் தேறினால் சிக்கல் அந்தப் பாதியில் சம்பந்தப்பட்டிருக்கிறது. மறுபடி பாதி. எண்பது ஃபைல் என்றால் ஆறேழு முறையில் ஃபைல் கையில் கிடைக்கும்.

எல்டிஓவை விட அதிகம் தரக்கூடியது ஒன்று உண்டு, நீங்கள் கேட்கவில்லை: பிஜிஓ (PGO, ஓட்டிப் பார்த்த விவரத்தை வைத்து மேம்படுத்துவது). ப்ரொஃபைல்-ஜெனரேட் போட்டு ஒரு முறை கட்டி, உண்மையான உள்ளீட்டில் ஓட்டி, கிடைத்த விவரத்தோடு ப்ரொஃபைல்-யூஸ் போட்டு மறுபடி கட்டுவது. எந்தக் கிளை அடிக்கடி எடுக்கப்படுகிறது, எந்த ஃபங்ஷன் சூடானது என்று ஊகிக்கும் வேலை கம்பைலருக்கு இல்லாமல் போகிறது. எங்கே இன்லைன் செய்வது என்ற எல்டிஓவின் முடிவுகளும் இதனால் சரியாகின்றன. ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகின்றன. இஃப்-எல்ஸ் நிறைந்த புரோகிராமுக்கு இது வரப்பிரசாதம். சுத்தமான எண் லூப்புகளுக்கு அவ்வளவு இல்லை. பயிற்சிக்குக் கொடுக்கும் உள்ளீடு நிஜத்தைப் போல இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

எதைப் போட்டாலும் அளக்காமல் நம்பாதீர்கள். லிங்க் வரிசை மாறினால், ஏன், என்வைரன்மென்ட் வேரியபிள்களின் மொத்த நீளம் மாறினால்கூட நேரம் சில சதவீதம் நகரும். எனவே ஒரே ஓட்டத்தில் 2 சதவீதம் குறைந்தது என்பதற்கு அர்த்தமில்லை. பல முறை ஓட்டி, இரண்டு பைனரிகளையும் மாறி மாறி ஓட்டி, லினக்ஸின் பெர்ஃப் ஸ்டாட் என்ற அளவைக் கருவி தரும் இன்ஸ்ட்ரக்ஷன் எண்ணிக்கையையும் கேஷ் தவறல்களையும் பாருங்கள்.

உங்கள் புரோகிராமுக்கு நான் செய்யும் வரிசை: ஓ2, எக்ஸ்86-64-வி3, நோ-மேத்-எர்ர்நோ, எஃப்பி-கான்ட்ராக்ட்=ஆஃப் போட்டு டெஸ்ட் எல்லாம் தேறும் ஓர் அடித்தளம். பிறகு ஜிசிசி-ஏஆருடன் எல்டிஓ=ஆட்டோ. அதன் பிறகு சூடான ஃபைல்களுக்கு ஓ3, கான்ட்ராக்ட்டைத் திறப்பது, பிஜிஓ, ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்கும் அளந்து. தினசரி வேலைக்கு எல்டிஓ இல்லாத பில்ட் போதும். ரிலீஸுக்கு மட்டும் எல்டிஓ, ஆனால் டெஸ்ட்டுகள் இரண்டிலும் ஓட வேண்டும். கான்ட்ராக்ட்டை அணைத்த பிறகும் அந்த டெஸ்ட் விழுந்தால், மேலே சொன்ன பாதிப் பாதி முறையில் ஃபைலைப் பிடித்து, அந்த ஃபங்ஷனையும் அதைக் கூப்பிடும் இடத்தையும் மட்டும் வெட்டி எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.